ரஷ்ய, சோவியத் காலப் பழைய புகைப்படங்கள்: தேடுவதிலிருந்து அச்சேற்றுவது வரை

போன வருடம் ஒரு சிற்றிதழின் சிறப்பிதழுக்காக வோல்கா கரைப் பஞ்சங்களைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினேன். எழுதி முடிக்க ஆறு வாரம் ஆனது. அதற்குப் பதினான்கு படங்கள் சேர்க்க ஐந்து மாதம் ஆனது. அதில் ஒரு படத்துக்கு ஒரு பட விற்பனை நிறுவனத்திடம் 9,400 ரூபாய் கட்டினேன். அதே படம் ஒரு தேசிய நூலகத்தின் தளத்தில், அதைவிடப் பெரிய அளவில், இலவசமாக இருந்திருக்கிறது. இன்னொரு படத்தை 1933 என்று குறிப்புப் போட்டு பக்க வடிவமைப்பு வரை கொண்டுபோய்விட்டோம். அது 1921ஆம் ஆண்டின் படம் என்பது அச்சுக்குப் போக நான்கு நாள் இருக்கும்போதுதான் தெரிந்தது.

படம் கிடைப்பது கஷ்டமே இல்லை. அந்தப் படம் யார் எடுத்தது, எப்போது, எங்கே, இப்போது மூலம் யாரிடம் எந்த எண்ணில் இருக்கிறது, இந்த நாலும் கிடைப்பதுதான் வேலை. இந்த நாலையும் சேர்த்துப் படத்தின் பிறப்புச் சான்று என்று வைத்துக்கொள்வோம். அது கையில் வராமல் பணம் கட்டாதீர்கள், பக்கம் வடிவமைக்காதீர்கள். புத்தகத்துக்கோ, பள்ளிக் கண்காட்சிக்கோ, காணொளிக்கோ இந்தப் படங்களைத் தேடப் போகிற உங்களுக்கு நான் செலவழித்த மாதங்கள் மிச்சமாகட்டும் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன்.

1. தேடும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்

என்ன நிகழ்வு, எந்த ஆண்டு, எந்த ஊர், படத்தில் என்ன தெரிய வேண்டும். இந்த நான்கையும் எழுதுங்கள். ஊருக்கு நேராக அந்த ஊரின் எல்லாப் பெயர்களையும் எழுதுங்கள், ஏனென்றால் காப்பகப் பட்டியல்களில் படம் எடுத்த காலத்துப் பெயர்தான் இருக்கும். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் 1914இல் பெட்ரோகிராடு, 1924இல் லெனின்கிராடு, 1991இல் மறுபடி பழைய பெயர். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சமாரா 1935 முதல் 1991 வரை குய்பிஷேவ், த்வேர் 1931 முதல் 1990 வரை கலினின், பெர்ம் 1940 முதல் 1957 வரை மோலதோவ், நீஷ்னி நோவ்கோரத் 1932 முதல் 1990 வரை கோர்க்கி. வோல்கோகிராடு 1925 வரை ஸாரித்ஸின், பிறகு 1961 வரை ஸ்டாலின்கிராடு. நான் சமாரா என்று மட்டும் தேடி இரண்டு வாரம் வீணாக்கினேன்.

தேதியிலும் ஒரு சிக்கல் உண்டு. 1918 ஜனவரி 31க்கு அடுத்த நாள் ரஷ்யாவில் பிப்ரவரி 14. அதற்கு முன்பு அங்கே பழைய ஜூலியன் நாட்காட்டி. 20ஆம் நூற்றாண்டில் 13 நாள் வித்தியாசம், 19ஆம் நூற்றாண்டில் 12 நாள். அதனால்தான் அக்டோபர் 25இல் நடந்த புரட்சியை நவம்பர் 7இல் கொண்டாடுகிறார்கள். படத்தின் பின்னால் 'பழைய பாணி' என்று இருந்தால் இரண்டு தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. ரஷ்ய எழுத்திலேயே தேடுங்கள்

ஆங்கிலத்தில் தேடினால் திரும்பத் திரும்ப அதே முப்பது நாற்பது படம்தான் வரும், அதிலும் பாதி தவறான குறிப்போடு. ரஷ்ய எழுத்தில் அதே சொல்லைப் போட்டால் வேறொரு உலகம் திறக்கும். மொழி தெரிய வேண்டியதில்லை. விக்கிப்பீடியாவில் அந்த ஊருக்கோ ஆளுக்கோ உள்ள ஆங்கிலப் பக்கத்தைத் திறந்து, மொழிப் பட்டியலில் ரஷ்ய மொழியைத் தேர்ந்து, வருகிற பக்கத்தின் தலைப்பை அப்படியே நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். மொழிபெயர்ப்புச் செயலியை நம்பிப் பெயரை மாற்றினால் எழுத்துப் பிழை வரும். இந்த முறையில் வராது.

ஒரு படம் ஏற்கெனவே கையில் இருக்கிறது, மூலம் தெரியவில்லை என்றால் படத்தை வைத்துத் தேடுங்கள். யாண்டெக்ஸ் படத்தேடல் ரஷ்யத் தளங்களை மற்ற தேடல்களைவிட நன்றாகப் பிடிக்கிறது. டின்ஐ தளத்தில் 'பழையது முதலில்' என்று வரிசைப்படுத்தலாம், இணையத்தில் அந்தப் படம் முதலில் எங்கே தென்பட்டது என்பது ஓரளவு புரியும். இரண்டிலும் தேடுங்கள்.

3. காசு கேட்காத இடங்களை முதலில் பாருங்கள்

அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்திலிருந்து தொடங்குங்கள். அங்கே செர்கேய் புரோகுதின்-கோர்ஸ்கியின் தொகுப்பு இருக்கிறது: 1,902 கண்ணாடி நெகடிவ்கள், கூடவே அவருடைய ஆல்பங்கள். 1948இல் அவருடைய வாரிசுகளிடமிருந்து நூலகம் வாங்கியது. முதல் உலகப் போருக்கு முன்பும் அதன் தொடக்கத்திலும் பேரரசு முழுக்கச் சுற்றி வண்ணத்தில் எடுத்த படங்கள். ஒரு நீளமான கண்ணாடித் தட்டில் ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று சட்டகம். நீலம், பச்சை, சிவப்பு வடிகட்டி வழியாக அடுத்தடுத்து எடுத்தவை. மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தினால் வண்ணம் வரும். 1911இல் எடுத்த புகாரா அமீரின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், அந்த நீல அங்கியின் பூவேலை ஒவ்வொன்றாகத் தெரியும். ஆற்றங்கரைப் படங்களைப் பெரிதாக்கினால் நீர்மேல் மட்டும் சிவப்பும் பச்சையுமாகக் கோடுகள் சிதறிக் கிடக்கும், மூன்று சட்டகத்துக்கு நடுவில் தண்ணீர் நகர்ந்துவிட்டது. அது கோளாறு இல்லை. ஒரு வடிவமைப்பாளர் அதை 'சரிசெய்து' கொடுத்தார், திருப்பி எடுக்கச் சொன்னேன். நூலகம் தானே பொருத்திய வண்ணப் படமும் மூல நெகடிவின் ஸ்கேனும் தனித்தனிக் கோப்பாக இருக்கும், இரண்டையும் இறக்கிக்கொள்ளுங்கள். அச்சுக்கு ஏற்ற பெரிய டிஃப் (TIFF) கோப்பே இலவசம்.

சைபீரியச் சிறைகளையும் நாடுகடத்தப்பட்டவர்களையும் பற்றித் தேடுகிறவர்களுக்கு அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜார்ஜ் கென்னன் 1885-86 பயணத்தில் சேர்த்த படங்களும் அங்கேதான் இருக்கின்றன. 1910, 20களின் செய்திப் படங்களுக்குப் பிரான்ஸ் தேசிய நூலகத்தின் கல்லிக்கா தளத்தில் ரோல் செய்தி நிறுவனத்தின் படங்களைப் பாருங்கள். 1921-22 பஞ்சத்துக்கு நார்வே தேசிய நூலகத்தில், நிவாரணப் பணியில் முன்நின்ற ஃபிரிட்யோஃப் நான்சென் படத்தொகுப்பு. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஹூவர் நிறுவனத்தில் அமெரிக்க நிவாரண அமைப்பின் ஆவணங்கள், அந்த அமைப்பு 1921 முதல் 1923 வரை ரஷ்யாவில் உணவு கொடுத்தது. ஜார் குடும்பம் என்றால் யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கி நூலகத்தில் அரசியின் தோழி அன்னா வீருபவாவின் ஆல்பங்கள். லெனின்கிராடு முற்றுகை, போர் ஆகியவற்றுக்கு ரியா நோவஸ்தி நிறுவனம் 2011இல் விக்கிமீடியா பொதுவகத்துக்குத் தானே கொடுத்த படங்கள் உண்டு. உரிமம் தெளிவு, பெயர் போட்டுப் பயன்படுத்தலாம்.

அப்புறம் ரஷ்யத் தளங்கள். 'ரஷ்ய வரலாறு புகைப்படங்களில்' என்ற தொகுப்பை மாஸ்கோவின் மல்டிமீடியா கலை அருங்காட்சியகம் நடத்துகிறது, பல அருங்காட்சியகங்களும் குடும்பங்களும் கொடுத்த படங்கள் ஒரே இடத்தில் கிடைக்கும். கோஸ்கடலாக் என்பது ரஷ்ய அருங்காட்சியகங்கள் எல்லாவற்றுக்குமான அரசுப் பட்டியல். தேடுவது சிரமம்தான், ஆனால் சின்ன ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிற படம் வேறெங்கும் தெரியாது. பாஸ்ட்வியூ என்ற தளத்தில் பழைய படங்களை வரைபடத்தில் தெருத்தெருவாகக் குத்தி வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து படத்தை எடுத்து அச்சிடாதீர்கள், எடுத்த இடத்தை உறுதிசெய்ய மட்டும் பயன்படுத்துங்கள். படத்தின் கீழே உள்ளூர்க்காரர்கள் நடத்தும் வாதங்களில் 'இந்தக் கட்டடம் அந்த ஆண்டில் இடிந்துவிட்டதே' என்ற மாதிரித் தகவல் கிடைக்கும், அதுதான் அந்தத் தளத்தின் தங்கம்.

ரஷ்ய அரசுத் தளங்கள் சில வெளிநாட்டிலிருந்து திறக்காமல் போகும். உங்கள் இணைய இணைப்பில் கோளாறு என்று நினைத்து மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். இரண்டு மூன்று நாள் விட்டு முயலுங்கள், இல்லையென்றால் மின்னஞ்சல்தான்.

நம் வீடுகளில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் பழைய 'சோவியத் நாடு' இதழ்களை ஸ்கேன் செய்யலாமா என்று சிலர் கேட்டார்கள். அச்சுப் படத்தை ஸ்கேன் செய்தால் புள்ளிகள் கோலம் போட்டுவிடும், மறு அச்சில் இன்னும் மோசமாகும். படத்தை அடையாளம் காண அது நல்ல துப்பு. அச்சுக்கு மூலத்தைத் தேடுங்கள்.

4. பிறப்புச் சான்றை முழுசாக எழுதி வையுங்கள்

படத்தை இறக்கிய அதே நிமிடத்தில் இதைச் செய்யுங்கள். நாளைக்கு என்று விட்டால் எந்தப் பக்கத்தில் எடுத்தோம் என்றே மறந்துவிடும். ஒரு விரிதாளில் கோப்பின் பெயர், நிறுவனம், தொகுப்பின் பெயர், எண், எடுத்தவர், தேதி, இடம், மூலத்தில் உள்ள குறிப்பு வரிக்கு வரி அப்படியே, உரிமை பற்றி அந்தப் பக்கத்தில் சொல்லியிருப்பது, இறக்கிய நாள். அந்தப் பக்கத்தையே ஒரு திரைப்பிடிப்பாகவும் சேமித்துவிடுங்கள்.

ரஷ்யக் காப்பகங்களில் எண் நான்கு அடுக்காக வரும்: ஃபோன்ட், ஓபிஸ், தியேலா, லிஸ்ட். அதாவது தொகுப்பு, அதன் பட்டியல், கோப்பு, தாள். பழைய நூல்களின் அடிக்குறிப்பில் இவற்றின் முதலெழுத்து மட்டும் இருக்கும். புகைப்படக் காப்பகங்களில் பெரும்பாலும் இந்த அடுக்கு இல்லாமல் படத்துக்கென்று நேரடியாக ஓர் எண் இருக்கும். அந்த ஒரு எண்ணை மட்டும் நீங்கள் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டால் காப்பக ஊழியரின் வேலை பாதி முடிந்தது, உங்கள் கட்டணமும் குறையும், ஏனென்றால் தேடிக் கொடுப்பதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

மூலக் குறிப்பையும் உங்கள் குறிப்பையும் கலக்காதீர்கள். சோவியத் காலக் குறிப்பில் 'மகிழ்ச்சியான கூட்டுப்பண்ணை உழவர்கள்' என்று இருக்கும். அது ஆவணம், அப்படியே பதிவுசெய்யுங்கள். ஆனால் உங்கள் பக்கத்தில் அதைப் படக்குறிப்பாகப் போட்டால் அந்தப் பிரச்சாரத்தை நீங்கள் சொன்னதாகிவிடும்.

5. ஏமாற்றும் படங்கள்: இங்கே நேரம் செலவழியுங்கள்

பஞ்சப் படங்களை வைத்தே சொல்கிறேன், நான் அடிபட்ட இடம் அது. ரஷ்யப் பஞ்சம் என்று தேடினால் மூன்று பஞ்சத்தின் படங்கள் ஒரே குவியலாக வரும். 1891-92 பஞ்சத்தை நீஷ்னி நோவ்கோரதைச் சேர்ந்த மக்சீம் திமீத்ரியெவ் எடுத்தார்: கூரை வைக்கோலை மாட்டுக்குப் போட்டுவிட்ட வீடுகள், இலவசச் சாப்பாட்டுக் கூடங்கள், காய்ச்சலில் கிடப்பவர்கள். 1921-22 பஞ்சத்துக்குத்தான் படங்கள் மிக அதிகம், ஏனென்றால் நிவாரண அமைப்புகள் நிதி திரட்டுவதற்காக எடுத்துப் பரப்பின, நான்சென் அவற்றைக் காட்டி நாடு நாடாகப் பேசினார். 1932-33இல் உக்ரைனில் நடந்த ஹோலோதோமோருக்குப் படங்கள் மிகக் குறைவு, ஏனென்றால் அரசு அப்படி ஒன்று நடப்பதையே மறைத்தது. கார்க்கிவ் நகரில் வேலை பார்த்த அலெக்சாண்டர் வீனர்பெர்கர் என்ற ஆஸ்திரியப் பொறியாளர் 1933இல் தன் லைக்கா கேமராவில் ரகசியமாக எடுத்த தெருப் படங்கள்தான் அதில் முக்கியமானவை.

கடைசி இரண்டு பஞ்சத்தின் படங்களுக்கும் வித்தியாசம் பார்த்தால் தெரியும். 1921 படங்களில் பெரும்பாலும் கேமராவுக்கு முன்னால் நிறுத்திவைத்த குழந்தைகள், உடை களைந்து எலும்பு தெரிய, சில சமயம் பக்கத்தில் நிவாரண ஊழியர். வீனர்பெர்கர் படங்களில் நடைபாதை ஓரம் ஒருவர் விழுந்து கிடப்பார், ஆட்கள் கடந்து போய்க்கொண்டிருப்பார்கள், கோணம் சாய்ந்து இருக்கும், யாரும் கேமராவைப் பார்க்க மாட்டார்கள். ஒளித்து எடுத்ததன் அடையாளம் படத்துக்குள்ளேயே இருக்கிறது.

இந்தக் குழப்பம் இன்று நேற்று வந்ததில்லை. 1935இல் தாமஸ் வாக்கர் என்ற பெயரில் ஹெர்ஸ்ட் குழுமத்தின் அமெரிக்க நாளிதழ்கள் உக்ரைன் பஞ்சப் படங்கள் என்று வெளியிட்டவற்றில் பழைய 1921-22 படங்கள் இருந்தன. அது வெளிப்பட்டதும் என்ன ஆயிற்று? பஞ்சமே நடக்கவில்லை என்று சொல்ல வந்தவர்கள் அதையே ஆதாரமாகத் தூக்கிக்கொண்டார்கள், இன்றுவரை தூக்கிக்கொண்டிருக்கிறார்கள். லட்சக்கணக்கானவர்கள் செத்தது உண்மை. நாம் ஒரு தவறான படத்தைப் போட்டால் அந்த உண்மையை மறுப்பவன் கையில் நாமே கம்பு எடுத்துக் கொடுக்கிறோம். எனக்கு அந்த நான்கு நாளும் தூக்கம் வராததற்குக் காரணம் இதுதான். சரியான படம் இல்லையென்றால் படம் இல்லாமல் விடுங்கள்.

புரட்சிக்கு வருவோம். குளிர்கால அரண்மனையை 1917இல் மக்கள் ஓடிப் பிடிப்பதாகப் பாடப்புத்தகங்களில்கூட வரும் அந்தப் படம், 1920 நவம்பரில் மூன்றாம் ஆண்டு விழாவுக்காக நிகலாய் யெவ்ரேயினவ் இயக்கிய வெளியரங்க நாடகத்தில் எடுத்தது. குறிப்பில் 1920 என்று போட்டால் அருமையான படம், 1917 என்று போட்டால் பொய்.

வெட்டி ஒட்டிய படங்கள் தனி வகை. 1920 மே 5இல் லெனின் மேடையில் பேசும் படத்தில் மேடைப் படியில் டிராட்ஸ்கியும் காமெனெவும் நிற்பார்கள். பிற்காலப் பதிப்புகளில் அங்கே வெறும் மரப்படிதான். மாஸ்கோ-வோல்கா கால்வாய்க் கரையில் ஸ்டாலினுக்குப் பக்கத்தில் அவருடைய ரகசியப் போலீஸ் தலைவர் யெஷோவ் நடந்து வரும் படத்தில், 1940இல் அவரைச் சுட்டுக் கொன்ற பிறகு அந்த இடத்தில் தண்ணீர் ஓடுகிறது. இந்த மாதிரி இணைப் படங்களை டேவிட் கிங் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார், அந்தத் தொகுப்பு இப்போது லண்டனில் டேட் கலை அருங்காட்சியகத்திடம் இருக்கிறது. போர்ப் படங்களிலும் உண்டு. யெவ்கேனி கல்தேய் 1945 மே 2இல் பெர்லின் ரைஹ்ஸ்டாக் கூரையில் கொடி ஏற்றும் படத்தை எடுத்தார். ஒரு வீரரின் கையில் இருந்த இரண்டாவது கைக்கடிகாரத்தை நெகடிவில் சுரண்டி எடுத்தார்கள், கொள்ளையடித்தது மாதிரித் தெரியக்கூடாதே என்று. புகையும் கூட்டினார்கள். திமீத்ரி பால்தெர்மான்ட்ஸ் 1942 ஜனவரியில் கெர்ச் அருகே, கொல்லப்பட்ட உறவினர்களைத் தேடி அழும் பெண்களை எடுத்த படத்தில், மேலே கவிந்திருக்கும் அந்தக் கருமேகம் இன்னொரு நெகடிவிலிருந்து வந்தது. இவற்றைப் போடக்கூடாது என்று சொல்லவில்லை. எந்த வடிவத்தைப் போடுகிறோம் என்று குறிப்பில் ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

தேதியைச் சரிபார்க்கச் சில துப்புகள் படத்துக்குள்ளேயே கிடைக்கும். செஞ்சேனை வீரர்களின் தோளில் பட்டை இருந்தால் அது 1943 ஜனவரிக்குப் பிறகு எடுத்தது. '1941 மாஸ்கோ' என்று குறிப்பு இருந்தும் தோள்பட்டை தெரிந்தால் குறிப்பு தவறு. கிரெம்ளின் கோபுரத்தில் இரட்டைத்தலைக் கழுகு இருந்தால் 1935க்கு முன்பு. மீட்பர் கிறிஸ்து பேராலயம் பின்னால் நின்றால் 1931 டிசம்பருக்கு முன்பு, இல்லையென்றால் மறுபடி கட்டிய 1990களுக்குப் பிறகு. லெனின் சமாதி மரத்தால் இருந்தால் 1930க்கு முன்பு. நான் ஒரு தாளில் இந்த மாதிரி முப்பது துப்பு எழுதி மேசைமேல் ஒட்டி வைத்தேன், பதினான்கில் மூன்று படத்தின் தேதி அப்படித்தான் திருந்தியது.

6. உரிமை: பழையது என்பதால் இலவசம் ஆகாது

காப்புரிமை, படம் எடுத்த ஆண்டைப் பொறுத்ததில்லை, எடுத்தவர் இறந்த ஆண்டைப் பொறுத்தது. ரஷ்யச் சட்டத்தில் இறந்த பிறகு 70 ஆண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வேலை செய்தவர்களுக்கும் போரில் பங்கேற்றவர்களுக்கும் கூட 4 ஆண்டு. அடக்குமுறையில் கொல்லப்பட்டுப் பிறகு குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட்டவர்களுக்கு, அந்த அறிவிப்பு ஆண்டிலிருந்துதான் கணக்கு தொடங்கும். கல்தேய் இறந்தது 1997. 70ம் 4ம் கூட்டினால் ரஷ்யாவில் 2071 முடியும்வரை அவருடைய படங்களுக்கு உரிமை உண்டு. இந்தியாவில் 2012 திருத்தத்துக்குப் பிறகு புகைப்படத்துக்கும் எடுத்தவர் ஆயுளோடு 60 ஆண்டு. இலங்கையில் ஆயுளோடு 70. நீங்கள் எங்கே வெளியிடுகிறீர்களோ அந்த நாட்டுச் சட்டத்தைப் பார்க்க வேண்டும், இணையத்தில் போடுவதென்றால் கடுமையான கணக்கை எடுத்துக்கொள்வதே நல்லது.

பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. காப்பகத்துக்குக் கட்டும் பணம் வேறு, காப்புரிமைக்குக் கட்டும் பணம் வேறு. ஸ்கேன் செய்து கொடுக்க ஒரு கட்டணம், வெளியிட அனுமதிக்க ஒரு கட்டணம் காப்பகம் வாங்கும். எடுத்தவரின் வாரிசுகளிடம் உரிமை இருந்தால் அது மூன்றாவது. பணம் கட்டும் முன் 'இந்தத் தொகை எதற்கு' என்று எழுத்தில் கேளுங்கள். நான் 9,400 ரூபாய் கட்டியது காப்புரிமை முடிந்துபோன படத்துக்கு, அந்த நிறுவனம் விற்றது கோப்பை மட்டும்தான். சட்டப்படி அவர்கள் செய்ததில் தவறில்லையாம்.

7. காப்பகத்துக்கு எழுதுவது: தாள், பணம், நாள்

இலவச இடங்களில் கிடைக்காததற்கு மட்டும் இந்தப் படி. சோவியத் காலப் படங்களுக்குத் தாய்வீடு மாஸ்கோவை ஒட்டிய கிராஸ்னகோர்ஸ்கில் உள்ள ரஷ்ய அரசு ஆவணத் திரைப்பட, புகைப்படக் காப்பகம். 1926இல் தொடங்கியது, பத்து லட்சத்துக்கு மேல் புகைப்படங்கள் இருக்கின்றன. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்றால் அந்த நகரத்தின் மையப் படக் காப்பகம், கார்ல் புல்லா குடும்ப ஸ்டுடியோவின் லட்சத்துக்கும் மேற்பட்ட நெகடிவ்கள் அங்கே இருக்கின்றன. உக்ரைன் என்றால் கீவில், முன்பு பிஷெனிச்னி பெயரில் இருந்த மையப் படக் காப்பகம். சோவியத் என்றாலே மாஸ்கோ என்று நினைக்காதீர்கள், குடியரசுகள் ஒவ்வொன்றுக்கும் தனிக் காப்பகம் உண்டு.

கடிதத்தை ரஷ்ய மொழியில், காப்பக இயக்குநர் பெயருக்கு எழுதுங்கள். இதழின் அல்லது பதிப்பகத்தின் முகப்புத்தாள், கையெழுத்து, முத்திரை. முத்திரையை அங்கே மதிக்கிறார்கள், விடாதீர்கள். உங்கள் முழுப்பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி, அஞ்சல் முகவரி, என்ன தலைப்பு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எத்தனை படம், படத்தின் எண் தெரிந்தால் எண், எதற்காக, எந்த மொழியில், எத்தனை பிரதி, இணையத்திலும் வருமா. 'பஞ்சம் பற்றிய படங்கள் வேண்டும்' என்று எழுதினால் பதில் வராது, வந்தாலும் விலைப்பட்டியல்தான் வரும். 'சமாரா மாகாணம், 1921 இலையுதிர்காலம் முதல் 1922 கோடை வரை, உணவு வழங்கும் காட்சிகள், ஐந்து படம் வரை' என்று எழுதினேன், அதற்குப் பதில் வந்தது.

பதிலுக்கு 30 நாள் என்று கணக்கு வையுங்கள். எனக்கு 26ஆம் நாள் வந்தது. பிறகு ஒப்பந்தம், அதன் பிறகு கட்டணச் சீட்டு, பணம் போய்ச் சேர்ந்ததும் ஸ்கேன், கடைசியாக வேலை முடிந்ததற்கு இரு தரப்பும் கையெழுத்திடும் ஒரு தாள். மொத்தம் பதினொரு வாரம். ஜனவரி முதல் வாரமும் மே முதல் பத்து நாளும் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள், அந்த நாட்களை நடுவில் வரவிடாமல் திட்டமிடுங்கள்.

பணம் அனுப்புவதுதான் இப்போது பெரிய தலைவலி. 2022 மார்ச்சிலிருந்து விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் ரஷ்யாவுக்கு வேலை செய்வதில்லை, நாடுகளுக்கு இடையே வங்கிகள் பணம் அனுப்பப் பயன்படுத்தும் ஸ்விஃப்ட் வலையில் பல ரஷ்ய வங்கிகள் இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே காப்பகத்தின் வங்கிப் பெயரைக் கேட்டு வாங்கி, உங்கள் வங்கிக் கிளையில் காட்டி, அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். முடியாதென்றால் அங்கே படிக்கிற, வேலை பார்க்கிற நம்பிக்கையான ஒருவர் தன் பெயரிலேயே ஒப்பந்தம் போட்டுக் கட்டலாம், ஆனால் ஒப்பந்தத்தில் வெளியிடப்போகும் இதழின் பெயர் இருக்க வேண்டும். இல்லையென்றால் வெளியிடும் அனுமதி அவருக்கு மட்டும்தான். முன்பின் தெரியாத இடைத்தரகர்கள் 'நாங்கள் வாங்கித் தருகிறோம்' என்று வருவார்கள், காப்பகத்தின் கட்டணச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள், காட்டாதவர்களிடம் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

8. நேரில் போவதென்றால்

பத்துப் படத்துக்குக் குறைவாக இருந்தால் பயணம் வேண்டாம். நிறையப் பார்க்க வேண்டும் என்றால் மட்டும். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்டிலிருந்து மின்விசா உண்டு, தங்கும் நாள் கணக்கு மாறியிருக்கிறது, விண்ணப்பிக்கும் அன்று பாருங்கள். படிப்பறைக்குக் கடவுச்சீட்டு, நிறுவனக் கடிதம், அங்கே நிரப்பும் விண்ணப்பப் படிவம். படிப்பறையில் உட்கார்ந்து பார்ப்பதற்குக் காசு இல்லை. ஆனால் கேட்டது அன்றே கைக்கு வராது, நாள் கணக்கில் ஆகும், அதனால் எண்களை மின்னஞ்சலில் முன்கூட்டியே அனுப்பிவிட்டுப் போங்கள். மாதத்தில் ஒரு நாள் 'துப்புரவு நாள்' என்று மூடிவிடுவார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கிராஸ்னகோர்ஸ்க் காப்பகத்துக்கு மாஸ்கோவிலிருந்து மின்ரயிலில் பாவ்ஷினோ நிலையம்.

9. கோப்பு கைக்கு வந்த பிறகு

முதலில் அளவு பாருங்கள். ஏ4 முழுப்பக்கத்துக்கு 300 டிபிஐயில் 2480க்கு 3508 பிக்சல் வேண்டும், அரைப்பக்கத்துக்கு 1748க்கு 2480. குறைவாக வந்திருந்தால் அந்த இறுதித் தாளில் கையெழுத்துப் போடும் முன் திருப்பிக் கேளுங்கள், பிறகு கேட்டால் புதுக் கட்டணம். மூலக் கோப்பைத் தொடாமல் வைத்துவிட்டு நகலில் வேலை செய்யுங்கள். கீறல், தூசி எடுக்கலாம். ஓரத்தில் கையெழுத்தோ எண்ணோ இருந்தால் வெட்டாதீர்கள். கறுப்புவெள்ளைப் படத்துக்குச் செயலியில் வண்ணம் ஏற்றாதீர்கள். புரோகுதின்-கோர்ஸ்கியின் உண்மையான வண்ணத்துக்குப் பக்கத்தில் அதைப் போட்டால் வாசகருக்கு எது ஆவணம், எது நம் கற்பனை என்று பிரித்துப் பார்க்க வழியே இருக்காது.

குறிப்பு வரி இப்படி வரட்டும்: என்ன காட்சி, ஊர் (அன்றைய பெயர்), தேதி, எடுத்தவர், காப்பகம், எண். எடுத்தவர் பெயர் கிடைக்காவிட்டால் 'எடுத்தவர் பெயர் பதிவில் இல்லை' என்று எழுதுங்கள், காப்பகத்தின் பெயரை எடுத்தவர் இடத்தில் போடாதீர்கள். எண்ணை விடச் சொல்லி வடிவமைப்பாளர் கேட்பார், இடம் இல்லை என்பார். எழுத்தைச் சின்னதாக்கிப் போடச் சொல்லுங்கள், அடுத்துத் தேட வருகிறவருக்கு அந்த எண்தான் வழி.

இதழ் வந்ததும் ஒரு பிரதியைக் காப்பகத்துக்கு அஞ்சலில் அனுப்ப வேண்டும், ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருக்கும். பதிவு அஞ்சலில் அனுப்பி ரசீதை ஒப்பந்தத்தோடு சேர்த்து வையுங்கள். எங்கள் பிரதி போய்ச் சேர ஏழு வாரம் ஆனது, சேர்ந்ததற்கு அவர்களிடமிருந்து ஒரு வரி பதிலும் வந்தது, கூடவே நான் முதலில் கேட்டுக் கிடைக்காத ஒரு சமாரா படத்தின் எண்ணும்.